இமையா நோக்கு



மும்மணிகளை வணங்கி இம்மாதத் தம்ம உரையைத் தொடங்குகின்றோம்.

சென்ற பௌர்ணமியன்று வந்தனை முடிந்து அன்பர்கள் கலைந்து செல்லும் வேளையில், நம் சங்கத்து இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்து, தமது கைப்பேசியில் இரண்டு ஒளிப்படங்களைக் காட்டினார். முதற்படத்தில் ஒரு பாலைநிலம். அதில் எண்ணற்ற மரங்கள், கைகளை வானோக்கி உயர்த்திய மக்கட்கூட்டம் போல நின்றன. இரண்டாம் படத்திலும் அதே நிலம், அதே மரங்கள். ஆனால் அவை கரிந்து, தலை கவிழ்ந்து, நின்ற நிலையிலேயே பிணங்களாக இருந்தன. "ஐயா, அமெரிக்க நாட்டில் ஒரே தீயில் பத்து இலட்சத்துக்கும் மேலான மரங்கள் செத்துவிட்டன. இந்தப் படங்களைப் பார்த்த நாள் முதல் மனம் ஆறவில்லை. இதற்கு நம் தம்மம் என்ன சொல்கிறது?" என்று அவர் கேட்டார்.

நாமோ வீடு திரும்பும் விரைவில் இருந்தோம். "தம்பி, தோன்றியவை யாவும் அழியும். எல்லாம் அநித்தியம் அன்றோ?" என்று சொல்லி, அவர் தோளைத் தட்டிவிட்டு வந்துவிட்டோம். அவரும் கைகூப்பி விடைபெற்றார். ஆனால் அவர் முகம் தெளியவில்லை.

அன்றிரவு நமக்கு உறக்கம் கொள்ளவில்லை. நாம் சொன்னது பொய்யன்று; ஆயினும் அவர் கேட்ட வினாவுக்கு அது விடையும் அன்று. அவ்விடையைத் தேடி, அம்மரத்தைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் சில வாரங்களாகப் படித்தோம். படித்ததையும், அதனால் நாம் அடைந்த வெட்கத்தையும் இங்கே உங்கள்முன் வைக்கின்றோம்.

அம்மரத்தின் பெயர் யோசுவா மரம். அமெரிக்க நாட்டின் தென்மேற்கே, கலிபோர்னியா, நெவாடா, அரிசோனா, யூட்டா ஆகிய மாநிலங்களில் பரவிக் கிடக்கும் மொகாவே பாலைநிலமே அதன் தாயகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வழியே வந்த கிறித்தவக் குடியேறிகள், அதன் உயர்ந்த கிளைகளைக் கண்டு, கையுயர்த்தி வழிகாட்டும் யோசுவா என்னும் தம் வேதத் தலைவரை நினைந்து அப்பெயரிட்டனர் என்பர். அவர்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே, அந்நிலத்துப் பழங்குடி மக்கள் அதன் இலைநாரால் கூடையும் காலணியும் பின்னினர்; மொட்டையும் விதையையும் உண்டனர். அது ஆண்டுக்குச் சில விரற்கடை அளவே வளரும். பூக்கத் தொடங்குவதற்கே பல பத்தாண்டுகள் ஆகும். நூறாண்டுக்கு மேலும் வாழும்.

உபாசகர்களே! இம்மரம் தனியே நிற்பது போலத் தோன்றும். ஆனால் தனியே நிற்கும் பொருள் ஒன்றும் உலகில் இல்லை என்பதே பகவன் கண்ட சார்பில் தோற்றம். அதற்கு இம்மரத்தினும் தெளிந்த சான்று நாம் கண்டதில்லை. யோசுவா மரத்தின் பூவில் மகரந்தம் சேர்ப்பது தேனீயும் அன்று, காற்றும் அன்று. யுக்கா அந்துப்பூச்சி என்னும் ஒரு சிறு பூச்சியே அத்தொழிலைச் செய்கிறது. பெண்பூச்சி ஒரு பூவில் மகரந்தத்தைத் திரட்டி உருண்டையாக்கி, தன் வாயருகே உள்ள உறுப்பால் தாங்கி, மற்றொரு பூவுக்குப் பறந்து சென்று, அதன் சூலகத்தில் முட்டையிடுகிறது. பின்பு மகரந்தத்தைச் சூல்முடியில் அழுத்தி வைக்கிறது. பூ காயாகிறது. முட்டையிலிருந்து வரும் புழு விதைகளிற் சிலவற்றைத் தின்று வளர்கிறது. எஞ்சியவை மரத்தின் வழித்தோன்றல்களாக நிலத்தில் விழுகின்றன. அப்பூச்சி இல்லையேல் மரத்துக்கு மகவு இல்லை. அம்மரம் இல்லையேல் பூச்சிக்கு உணவு இல்லை.

இவ்வளவோடு நிற்கவில்லை. மரங்கொத்தி அதன் அடிமரத்தில் பொந்து குடைகிறது. பின்னர் வேறு பறவைகள் அதிற் குடியேறுகின்றன. மஞ்சள் நிறக் குருவியொன்று அதன் இலைகளிடையே கூடு தொங்கவிடுகிறது. முறிந்து விழுந்த கிளையின் அடியில் இரவுப்பல்லி என்னும் சிற்றுயிர் தன் வாழ்நாளைக் கழிக்கிறது. நிழலற்ற அந்நிலத்தில் மரம் நின்றாலும் வீடு, விழுந்தாலும் வீடு.

அத்தகைய மரங்கள் மிக நெருங்கி வளர்ந்திருந்த இடங்களுள் ஒன்று மொகாவே தேசியக் காப்பகத்திலுள்ள சீமா மேடு. 2020 ஆகஸ்ட் 15 அன்று அங்கே மின்னல் தாக்கித் தீப்பற்றியது. 43,273 ஏக்கர் எரிந்தது. ஏறத்தாழ 13 இலட்சம் யோசுவா மரங்கள் மாண்டன என்று மதிப்பிட்டனர். தீப்பற்றியதற்கு மறுநாள், அதே பாலைநிலத்தின் மற்றொரு பகுதியாகிய மரணப் பள்ளத்தாக்கில் வெப்பம் 54.4 பாகையாகப் பதிவாயிற்று. 2023-ல் அக்காப்பகத்தில் மீண்டும் பெருந்தீ மூண்டு, நெவாடா வரை பரவி, ஏறத்தாழ 93,000 ஏக்கரை அழித்தது. இளைஞர் நமக்குக் காட்டியது சீமா மேட்டின் படங்களே.

மின்னல் இயற்கையானது அன்றோ, அதற்கு யார் என்ன செய்வது என்று சிலர் கேட்கலாம். மின்னல் அந்நிலத்துக்குப் புதிதன்று. முன்னாளில் மரத்துக்கும் மரத்துக்கும் இடையே வெறுந்தரை கிடந்தது. பற்றிய தீ பரவ வழியின்றி அணைந்தது. பிற நாடுகளிலிருந்து வந்து பரவிய புல்வகைகள் இன்று மொகாவேயின் பல பகுதிகளில் அவ்விடைவெளியை நிரப்பிவிட்டன. மழை பெய்த ஆண்டில் அவை தழைக்கின்றன. கோடையில் காய்ந்து தீக்குப் பாலமாகின்றன. மிகுந்துவரும் வெப்பமோ யாவற்றையும் விறகாக உலர்த்துகிறது. ஆகவே பொறி மின்னலுடையது. அடுக்கி வைத்த விறகில் மனிதனுக்கும் பங்குண்டு.

இனி, தீயினும் கொடியது ஒன்றைச் சொல்வோம். அது ஒளிப்படத்தில் எளிதில் தெரியாதது. யோசுவா மரத் தேசியப் பூங்கா என்று வேறோரிடம் உண்டு. அங்கே தாழ்வான, வெப்பம் மிகுந்த பகுதிகளில் இன்றும் பெரிய மரங்கள் நிற்கின்றன. அவற்றைப் படமெடுத்தால் அழகாகவே இருக்கும். ஆனால் அவற்றின் அடியில் தேடினால் கன்றுகள் அரிது. முதிர்ந்த மரம் தன் உடலில் சேமித்த நீரைக்கொண்டு வறட்சியைத் தாங்கும், இளங்கன்று தாங்காது. வறட்சி மிகுந்தபோது எலியும் முயலும் ஈரம் தேடி மரப்பட்டையையே கடித்துரிக்கின்றன. வேறு குளிர்ந்த இடத்துக்கு மரம் நகரலாகாதோ எனில், அதன் கால் விதை. அவ்விதையைச் சுமப்போர் இன்று சிறிய எலிகளும் அணில்களுமே. அவை நெடுந்தொலைவு செல்லமாட்டா. முன்னொரு காலத்தில் சுலோத் என்னும் இனத்தைச் சேர்ந்த, கரடியளவு பெரிய விலங்கொன்று அந்நிலத்தில் உலவியது. குகைகளிற் கிடைத்த அதன் உலர்ந்த சாணத்தில் இம்மரத்தின் எச்சங்கள் காணப்பட்டன. விதையைத் தொலைவுக்குக் கொண்டுசென்றது அவ்விலங்கே என்று அறிஞர் பலர் கருதுவர். பனியூழியின் முடிவில் அது அற்றுப்போயிற்று. சுமப்பவன் இறந்தான், வெயிலோ துரத்துகிறது, மரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

பிள்ளைகள் இல்லாத ஊரில் முதியோர் மட்டும் திண்ணையில் அமர்ந்திருந்தால், அவ்வூர் வாழ்கிறது என்போமா? ஆகவே படத்தில் இருப்பதைக் காண்பது பாதிக் காட்சி. இல்லாததையும் காண்பதே நற்காட்சி.

இப்பொழுது நம் விடைக்கு வருவோம். "எல்லாம் அநித்தியம்" என்று இளைஞரிடம் கூறினோமே, அதே சொல்லை முன்பொரு நாள் வேறொருவர் வாயிலிருந்து நாம் கேட்டிருந்தோம். உறக்கம் கெட்டதற்குக் காரணம் அதுவே.

நாம் நூற்பாலையில் வேலை செய்த காலத்தில், பஞ்சை உடைத்துத் தூய்மை செய்யும் புளோரூமில் நமக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். அவரை அண்ணன் என்றே அழைப்போம். வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் அவர் மார்பு இறுகும், மூச்சு வாங்கும், நாட்கள் செல்லச் செல்லச் சிறிது தணியும். பஞ்சுத்தூசி நுரையீரலிற் படிவதால் வரும் நோய்க்கு அதுவே அடையாளம் என்பதைப் பிற்காலத்தில் நூல்களைப் படித்தே அறிந்தோம். சில ஆண்டுகளில் அண்ணன் இறந்தார். இழவு வீட்டுக்கு வந்த ஆலை அதிகாரி ஒருவர், "யார் என்ன செய்வது? அவர் விதி அவ்வளவுதான். உலகத்தில் எதுவும் நிலையில்லை" என்றார். நாங்கள் எல்லோரும் தலைகுனிந்து நின்றோம். தூசியை இழுத்து வெளியேற்றும் விசிறி பல மாதங்களாகப் பழுதுபட்டுக் கிடந்தது என்பதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல அன்று ஒருவருக்கும் வாய் வரவில்லை.

உலகத்தில் எதுவும் நிலையில்லை என்று அவர் சொன்னது மெய்தான். அந்த மெய்யைத் திரையாகத் தொங்கவிட்டார். ஓடாத விசிறி அத்திரைக்குப் பின்னே மறைந்துகொண்டது. உபாசகர்களே! அன்று அவர் செய்ததையே சென்ற பௌர்ணமியன்று நாம் அவ்விளைஞருக்குச் செய்தோம். விதி என்னும் சொல்லால் தலைமுறை தலைமுறையாக வாயடைக்கப்பட்ட மக்கள் நாம். அச்சிறையினின்று வெளியேறவே ததாகதரைச் சரணடைந்தோம். அவருடைய அநித்தியத்தை எடுத்து மற்றொரு விதியாக்கி, கேட்பவன் வாயை அடைப்போமாயின் நாம் பெற்ற விடுதலைக்குப் பொருள் என்ன?

ததாகதர் அவ்வாறு போதிக்கவில்லை. சீவகன் என்னும் பரிவிராசகன் அவரிடம் வந்து, மனிதன் அடையும் இன்ப துன்பங்கள் அனைத்தும் முன்வினைப் பயனே என்று சிலர் சொல்கின்றனரே, அது சரியா என வினவினான். அது மிகைபட்ட கூற்று என்று பகவன் மறுத்தார். பித்தம், சிலேத்துமம், வாதம், அவற்றின் கூட்டு, பருவமாற்றம், பேணாத ஒழுக்கம், புறத்திலிருந்து வரும் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை அவர் எடுத்துரைத்ததாக நிகாயம் கூறுகிறது. எட்டனுள் வினைப்பயன் ஒன்று மட்டுமே. பருவமாற்றத்தையும் அவர் தனிக் காரணமாக எண்ணினார் என்பதை இன்று நாம் ஊன்றி நோக்க வேண்டும்.

தோன்றியது அழியும் என்பது உண்மை. ஆனால் எக்காரணத்தால், எக்காலத்தில், யாருடைய செயலால் அழிகிறது என்று கேட்பதே தம்மத்தின் வழி. காரணம் உண்டாயின் விளைவு உண்டு. காரணம் நீங்கின் விளைவும் நீங்கும். மூன்றாம் வாய்மை முழுவதும் இதன்மேல் நிற்கிறது. யோசுவா மரத்துக்கும் இது பொருந்தும். அத்தேசியப் பூங்காவைப் பற்றி 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, புவி சூடேறுவதை மக்கள் முயன்று கட்டுப்படுத்தினால் இந்நூற்றாண்டின் இறுதியில் மரத்துக்குத் தஞ்சமாகும் நிலத்தில் ஏறத்தாழ 19 விழுக்காடு எஞ்சும் என்றும், முயலாது விட்டால் 0.02 விழுக்காடே எஞ்சும் என்றும் கணித்தது. அநித்தியம் இரண்டு கணக்குக்கும் பொது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடோ மனிதர் செய்கை. அந்த வேறுபாட்டில்தான் சீலம் வாழ்கிறது.

செய்கை எது எனில், பெரும்பகுதி நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவுமே. காற்றிலுள்ள கரியமில வாயுவை அவாய்த் தீவின் மலையொன்றில் 1958 முதல் அளந்து வருகின்றனர். அன்று பத்து இலட்சத்தில் 315 பங்கு. 2024-ல் 420 பங்கைக் கடந்துவிட்டது. நம் ஆலையின் கொதிகலனும் நிலக்கரியே தின்றது. அந்நெருப்பில் நம் வீட்டு உலையும் கொதித்தது. ஆகவே நாம் குற்றமற்றவர் போலப் பேசவில்லை. ஆயினும் விமானமும் மாளிகையும் உடையவன் எரித்ததும், ஒரு வேளைச் சோற்றுக்கு ஒருவன் எரித்ததும் ஒரே தராசில் சமமாகா. பங்குக்கேற்ற பொறுப்பு என்பதே நீதி.

இனி, இறக்கும் மரங்களைப் படம்பிடித்தல் நற்செயலா, வீண்செயலா என்பதைக் காண்போம்.

ததாகதர் ஞானம் பெற்றபின் இரண்டாம் வாரம் முழுவதும், தமக்கு நிழல் தந்த போதிமரத்தை இமை கொட்டாது நோக்கி நின்றார் என்பது மரபு. அனிமிச லோசனம் என்று அதனை அழைப்பர். புத்தகயாவில் அதன் நினைவாக ஓரிடத்தை இன்றும் காட்டுவர். உலகை வென்றவர் தம் முதல் நன்றியை ஒரு மரத்துக்குக் கண்ணாற் செலுத்தினார். இமையாமல் நோக்குதல் என்பது, கண்டதைக் கண்டபடி அறிதல், பெற்றதை மறவாதிருத்தல். சுடுகாட்டில் உடல் அழியும் நிலைகளை உற்று நோக்குமாறு பிக்குகளுக்குப் போதித்ததும் இந்நோக்கே. அங்கே கண்ணை மூடுதலும் பிழை. சுவைத்துப் பார்த்தலும் பிழை.

ஒளிப்படக் கருவியின் கண் நொடிப்பொழுதில் மூடிவிடும். மூடாதிருக்க வேண்டியது எடுப்பவன் கண்ணும் பார்ப்பவன் கண்ணும். அவ்வாறு நோக்கியோரும் உண்டு. மினர்வா ஓயிட் என்னும் அம்மையார் குழந்தையையும் கணவரையும் இழந்த துயரில் பாலைநிலத்தை நாடி ஆறுதல் பெற்றவர். அந்நிலம் சூறையாடப்படுவதைக் கண்டு, அதன் வளத்தை ஒளிப்படங்களாகத் தொகுத்துக் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட்டின் பார்வைக்கு வைத்தார், பல்லாண்டு வாதாடினார். 1936-ல் அந்நிலம் காக்கப்பட்ட இடமாயிற்று. 1994-ல் தேசியப் பூங்காவாயிற்று. அதனை அடுத்த சொனோரா பாலைநிலத்தில் ஏசுடிங்சு, டர்னர் என்னும் இருவர் பழைய ஒளிப்படங்களைத் தேடியெடுத்து, முன்னவர் நின்ற அதே இடத்தில் நின்று மீண்டும் படமெடுத்து, இரண்டையும் அருகருகே வைத்து, மரஞ்செடிகள் மாறிய வரலாற்றை 1965-ல் நூலாக வெளியிட்டனர். ஒரு படம் அழகைக் காட்டும். ஒரே இடத்தில் எடுத்த இரு படங்கள் காரணத்தைத் தேடவைக்கும்.

பிழைபட்ட நோக்கும் உண்டு. 2019-ல் கலிபோர்னியாவின் வாக்கர் பள்ளத்தாக்கில் காட்டுமலர்கள் மலை முழுதும் பூத்தபோது, தம்மைத் தாமே படமெடுக்க வந்த பெருங்கூட்டம் மலர்களை மிதித்துத் துவைத்தது. அவ்விடத்தையே தற்காலிகமாக மூட நேர்ந்தது. பூவைப் படமாகக் கொண்டுசென்றனர், பூவைக் கொன்றனர். ஆகவே, பார்க்கும் பொருளுக்குத் தீங்கு செய்யாதே. அழிவை அலங்காரமாக்கி மகிழாதே. கண்டதைக் கூட்டியும் குறைத்தும் காட்டாதே. படமெடுப்போர்க்கு இம்மூன்றும் சீலம் என்க.

பார்த்தபின் செய்வது என்ன? சீமா மேட்டில் தொண்டர்கள் கன்றுகளை நட்டு, ஒட்டகங்களின் முதுகில் சுமையேற்றிச் சென்று நீர் வார்த்தனர். நட்டவற்றிற் பெரும்பகுதி பட்டுப்போயிற்று. ஆயினும் அவர்கள் செயல் வீணன்று, சில பிழைத்தன. 2023-ல் கலிபோர்னியா மாநிலம் மேற்கத்திய யோசுவா மரத்தைக் காக்கத் தனிச்சட்டம் இயற்றியது. காரணமின்றிக் காட்டுக்குத் தீயிடலாகாது என்று கல்லில் பொறித்த அசோகரை உடைய நாம் இவற்றைக் கேட்டு மகிழாதிருக்க முடியுமோ?

இவ்வுரையை எழுதுமுன் அவ்விளைஞரை வரவழைத்தோம். "தம்பி, அன்று உமக்கு நாம் தந்தது விடையன்று. பொறுத்துக்கொள்ளும்" என்றோம். அவர் பதறி, "ஐயா, தாங்கள் அப்படிச் சொல்லலாமா?" என்றார். ஒரு பணியையும் அவரிடம் ஒப்படைத்தோம். அதனையே உங்கள் அனைவரிடமும் வேண்டுகின்றோம். உங்கள் தெருவில், பள்ளி முற்றத்தில், ஏரிக்கரையில் நிற்கும் மரமொன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். பௌர்ணமிதோறும் ஒரே இடத்தில் நின்று அதனைப் படமெடுங்கள். எப்பறவை வந்தது, எது வரவில்லை, எந்த மாதம் பூத்தது, அடியில் கன்று உண்டா என்று குறித்து வையுங்கள். மரம் வாடினால் காரணத்தைத் தேடுங்கள். வேரைச் சிமிட்டியால் மூடியிருந்தால் உடைத்து நீர்விடச் செய்யுங்கள். வெட்ட வந்தால் படங்களோடு சென்று அதிகாரியிடம் முறையிடுங்கள். அண்ணன் இறந்த அன்று நாம் வாய்திறவாது நின்றோம். நீங்கள் அவ்வாறு நிற்கவேண்டா.

காரணத்தை அறியும் கண் எல்லோர்க்கும் திறக்கட்டும். நிற்கும் உயிரும், பறக்கும் உயிரும், நிலத்தடியில் ஒளிந்து வாழும் உயிரும் துயர் நீங்கி வாழட்டும்.

சாது! சாது! சாது!